தண்ணீருக்கும் துப்பாக்கிக்கும் போன ஊர்கள்: பிரிட்டனைப் பற்றி வருகிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்விகள்

ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் மறுநாள் காலை காரில் ஏற்றி லேடிபவர் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. அரை மணி நேரத் தூரம்தான். கரையில் நின்று "இந்தத் தண்ணிக்கு அடியில ரெண்டு ஊர் போச்சு" என்று நான் சொன்னதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். போன வருடம் பெரியம்மா கேட்டதையே இந்த வருடம் நண்பர் கேட்பார். பேச்சு லேடிபவரில் தொடங்கி வேல்ஸ், டார்செட், ஸ்காட்லாந்து என்று எங்கெங்கோ போய்விடும். ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தண்ணிக்கு அடியில நிஜமாவே ஊர் இருக்கா, இல்ல சும்மா கதையா?

கதை இல்லை. டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு ஊர்கள். இரண்டும் டார்பிஷர் மலைப்பகுதியில், பள்ளத்தாக்குக்குள் இருந்தவை. லேடிபவர் அணை வேலை 1935-ல் தொடங்கி 1943-ல் முடிந்தது. பிறகு தண்ணீர் ஏற ஏற, இரண்டு ஊரும் உள்ளே போயின. 1945 செப்டம்பர் 25 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார்.

ஆனால் முழு வீடுகள் வரிசையாக அடியில் நிற்பதாகக் கற்பனை செய்யாதீர்கள். ஆஷப்டன் வண்டலுக்குள் புதைந்து போய்விட்டது. அதன் தலைக்கு மேலே பாலத்தில் ஏ57 சாலை போகிறது. நாம் காரில் வரும்போதே அந்த ஊரைத் தாண்டித்தான் வருகிறோம். டெர்வென்ட்டில் மட்டும் சுவர்களின் அடிப்பகுதியும் கற்குவியல்களும் மிச்சம். அப்புறம், அணைக்குப் பக்கத்தில் தெரியும் அந்த இரண்டு ராட்சத வட்டக் குழிகள் பழைய ஊரின் கிணறுகள் இல்லை. ஒவ்வொன்றும் 24 மீட்டர் அகலம், மிகுதித் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டியது. இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் வாடிப்போகும்.

இங்கதான் எப்பப் பாத்தாலும் மழையாச்சே! ஊரையே மூழ்கடிக்கிற அளவுக்குத் தண்ணிக்கு என்ன பஞ்சம்?

மழை பெய்கிற இடம் ஒன்று, ஆட்கள் குவிந்த இடம் வேறு. ஷெஃபீல்டும் டார்பியும் நாட்டிங்காமும் லெஸ்டரும் தொழிற்சாலைகளால் வீங்கிய நகரங்கள். மழையைப் பிடித்து வைக்க உயரமான, குறுகலான பள்ளத்தாக்கு வேண்டும். அது டெர்வென்ட் ஆற்றில் இருந்தது. இந்த நான்கு நகரங்களுக்கும் பங்கு பிரித்துத் தர 1899-ல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர் வாரியம் அமைந்தது. முதலில் மேலே ஹவுடன், டெர்வென்ட் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். 1916-க்குள் அவை முடிந்தன. அதுவும் போதாமல்தான் கீழே லேடிபவர்.

அந்த முதல் இரண்டு அணைகளைக் கட்டிய கூலியாட்களுக்காக பர்ச்சின்லீ என்று தகர ஊர் ஒன்றையே எழுப்பினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிக்க ஒரு கடை என்று எல்லாம் நெளித்தகரத்தில். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காணாமல் போன ஊர் என்று யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கென்னவோ, குழந்தைகள் பிறந்து பள்ளிக்குப் போன இடம் ஊர்தான்.

மேன்செஸ்டரும் இதையே செய்தது. லேக் மாவட்டத்தில் ஹாஸ்வாட்டர் ஏரியை உயர்த்தி, 1930-களில் மார்டேல் கிரீன் என்ற ஊரை உள்ளே விட்டது.

மூழ்குறதுக்கு முன்னாடி வீடுகளை இடிச்சாங்களா, அப்படியே விட்டுட்டாங்களா?

பெரும்பாலும் இடித்தார்கள். நல்ல கல்லை யாரும் தண்ணீரில் போட மாட்டார்கள். மார்டேல் சர்ச்சின் கற்களை எடுத்து அதே நீர்த்தேக்கத்தின் தண்ணீர் எடுக்கும் கோபுரத்தைக் கட்டினார்கள். டெர்வென்ட் ஊரின் பழைய கல் பாலம் பொதிக்குதிரைகள் போய்வந்த பாலம்; அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் மறுபடி அடுக்கிவிட்டார்கள். இன்றும் அதன் மேல் நடக்கலாம்.

டெர்வென்ட் சர்ச்சில் கடைசி வழிபாடு 1943 மார்ச்சில் நடந்தது. சர்ச்சின் ஊசிக் கோபுரத்தை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்தார்கள். ஏரி நடுவில் கோபுரம் மட்டும் நிற்கும் பழைய புகைப்படம் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். சிலர் அதுவரை நீந்திப்போக ஆரம்பித்தார்கள். ஆபத்து என்று 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆக, அந்தப் படத்தில் உள்ள காட்சி இருந்ததே சில வருடங்கள்தான்.

அப்போ கல்லறைகள்? செத்தவங்களையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பது எப்போதும் வயதானவர்கள்தான். டெர்வென்ட்டில் தோண்டி எடுத்து, கீழேயிருக்கும் பாம்ஃபோர்ட் ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள். மார்டேலில் ஏறக்குறைய நூறு பேரின் எச்சங்களை எடுத்து ஷாப் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வேல்ஸில், கபெல் கெலின் என்ற ஊரில், முடிவைக் குடும்பங்களிடம் விட்டார்கள். சில உடல்கள் மட்டும் இடம் மாறின. மற்றவை இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். கல்லறைக் கற்களை எடுத்துக் கரையில் வைத்திருக்கிறார்கள்.

ராத்திரியில தண்ணிக்குள்ளேருந்து சர்ச் மணி கேக்குமாமே?

டெர்வென்ட் சர்ச்சின் மணி டார்பி நகரத்தின் சாட்ஸ்டன் பகுதியில், செயின்ட் ஃபிலிப் சர்ச்சில் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒலிக்க அங்கே மணியே இல்லை. இதே கதையை கிழக்குக் கரையில் டனிச் ஊரிலும் சொல்வார்கள். புயலுக்கு முன்னால் கடலடியில் மணி ஒலிக்கும் என்று. டனிச்சைப் பற்றிக் கீழே வருகிறேன்.

பொய் என்று தெரிந்தும் இந்தக் கதையை நான் யாரிடமும் மறுத்துச் சண்டை போடுவதில்லை. மூழ்கிய ஊர் எங்கே இருந்தாலும் மணிக் கதை ஒன்று கூடவே வந்துவிடுகிறது.

தண்ணி வத்துனா நடந்து போய்ப் பாக்கலாமா?

நல்ல வறட்சி வந்தால் டெர்வென்ட் வெளியே தெரியும். 1976, 1995, 2018, 2022 ஆகிய வருடங்களில் தெரிந்தது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கரையிலிருந்து பாருங்கள், போதும். காய்ந்து வெடித்த சேறு மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். 2018-ல் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு மலை மீட்புக் குழு வந்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருக்கும் சுவரில் பெயர் கிறுக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. எழுபது வருடத் தண்ணீரைத் தாக்குப்பிடித்த கல்லுக்கு ஒரு வாரச் சுற்றுலாவைத் தாங்க முடியவில்லை.

ஆஷப்டன் எந்த வறட்சியிலும் தெரியாது, காரணம் முதல் கேள்வியில் இருக்கிறது.

சனங்க எதிர்க்கவே இல்லையா? சும்மா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?

எதிர்த்தார்கள். அதிகம் எதிர்த்த ஊர்தான் நான் மேலே சொன்ன கபெல் கெலின். வட வேல்ஸில் ட்ரவெரின் ஆற்றங்கரையில் இருந்தது. முழுக்க வெல்ஷ் மொழி பேசிய ஊர். பள்ளிக்கூடம், தபால் நிலையம், பிரார்த்தனைக் கூடம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும். தண்ணீர் கேட்டது லிவர்பூல் மாநகராட்சி, அதாவது இங்கிலாந்தில் இருக்கும் நகரம். வேல்ஸில் உள்ளூர் அனுமதி எதுவும் கேட்கத் தேவையில்லாதபடி நேராக லண்டன் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமாகக் கொண்டுபோனார்கள். 1956 நவம்பரில் ஊர்க்காரர்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1957-ல் சட்டம் நிறைவேறியது. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் நிறைவேறியது.

இங்கேதான் விஷயம் ஒரு ஊரைத் தாண்டிப் போகிறது. வீடிழந்தவர்கள் 48 பேர்தான். ஆனால் "நம் எம்.பி.க்கள் எல்லாரும் வேண்டாம் என்றாலும் நம் ஊரை எடுக்க முடியும்" என்பது ஒரு நாட்டுக்கே உறைத்தது. 1963-ல் கட்டுமான இடத்தின் மின்மாற்றிக்கு வெடி வைத்தார்கள். 1965 அக்டோபரில் திறப்பு விழா கூச்சலில் சில நிமிடங்களிலேயே முடிந்துபோனது. அடுத்த வருடமே வெல்ஷ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி., க்வின்வோர் எவன்ஸ், தேர்ந்தெடுக்கப்பட்டார். லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005-ல்.

மேற்கு வேல்ஸில் லான்ரஸ்டிட் ஊருக்குப் பக்கத்தில் சாலையோரம் ஒரு இடிந்த சுவர். அதில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "கோவியுக் த்ரவெரின்", ட்ரவெரினை மறவாதே என்று எழுதியிருக்கும். முதலில் எழுதியவர் மெய்க் ஸ்டீவன்ஸ் என்ற எழுத்தாளர், 1960-களின் ஆரம்பத்தில். யாராவது அழித்தால் யாராவது வந்து மறுபடி எழுதிவிடுவார்கள்.

அதான் நஷ்டஈடு குடுத்திருப்பாங்களே, அப்புறம் என்ன வருத்தம்?

யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இந்தக் கிராமங்களில் பாதிக்கு மேல் வாடகைக் குடிகள். நிலமும் வீடும் ஒரு பிரபுவுடையதாகவோ பண்ணையாருடையதாகவோ இருக்கும். பணம் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குப் போகும். மூன்று தலைமுறையாக அதே அடுப்பில் சமைத்தவளுக்கு அடுப்பு சொந்தமில்லை.

டார்செட் கடற்கரையில் டைனம் என்று ஒரு ஊர், அடுத்த கேள்வியில் வருகிறது. அங்கே குடியிருந்தவர்களுக்குக் கிடைத்த ஈடு அவர்கள் தோட்டத்தில் விளைந்திருந்த காய்கறியின் விலை மட்டும்தான். டெர்வென்ட் ஊர்க்காரர்களுக்குப் பரவாயில்லை. அணைக்குக் கீழே யார்க்ஷர் பிரிட்ஜ் என்ற இடத்தில் வாரியமே புது வீடுகள் கட்டிக்கொடுத்தது. பலர் அங்கே போனார்கள். தங்கள் ஊரை மூழ்கடித்த அணையைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

ராணுவம் எடுத்த ஊருங்களை 'சண்டை முடிஞ்சா திருப்பித் தர்றோம்'னு சொல்லித்தானே எடுத்தாங்க?

ஊர்க்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 1943-ன் கடைசியில், ஐரோப்பாவுக்குள் இறங்கும் படைகளுக்குப் பயிற்சியிடம் தேவைப்பட்டது. டைனமில் 225 பேர், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வெளியேறினார்கள். போகும்போது சர்ச் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்கள். சர்ச்சையும் வீடுகளையும் கவனமாக வைத்திருங்கள், போரில் வெல்வதற்காகத் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளைத் தந்திருக்கிறோம், ஒருநாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். போர் முடிந்து, 1948-ல் ராணுவம் கட்டாயக் கொள்முதல் செய்தது. யாரும் திரும்பவில்லை.

வில்ட்ஷரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே இம்பர். "எந்த ஊருக்கும் ஏழு மைல்" என்று அதைப் பற்றி ஒரு பழைய நாட்டுப்பாட்டே உண்டு, அவ்வளவு ஒதுக்குப்புறம். 1943 நவம்பர் 1-ம் தேதி பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, 47 நாளில் காலி செய்யச் சொன்னார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல்: இம்பரின் நிலத்தில் பெரும்பகுதியைப் போருக்கு முன்பே ராணுவத் துறை விலைக்கு வாங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ராணுவத்தின் வாடகைக் குடிகள். வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்ன கணக்குத்தான். 1961-ல் இரண்டாயிரம் பேர் அளவில் கூடித் தடையை மீறி ஊருக்குள் போனார்கள், விசாரணை நடந்தது, ஊர் ராணுவத்திடமே இருந்துவிட்டது. எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்ததா என்பதைப் பற்றி இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நம்பிக்கை இருந்தது என்பதில் வாதமே இல்லை.

இப்ப டைனமுக்கும் இம்பருக்கும் போக விடுவாங்களா?

டைனமுக்குப் பெரும்பாலான வார இறுதிகளில் போகலாம். பள்ளிக்கூடத்தையும் சர்ச்சையும் காட்சியிடமாக வைத்திருக்கிறார்கள், வீடுகளுக்குக் கூரை இல்லை. கிளம்பும் முன் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித்தளம் அன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். வெடிக்காத குண்டு பற்றிய பலகைகள் அழகுக்கு வைத்தவை இல்லை.

இம்பருக்கு வருடத்தில் சில நாட்கள்தான். 2009-லிருந்து ஆகஸ்டில் ஒருநாள் வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து பழைய லண்டன் பஸ்களை ஓட்டுகிறார்கள். ஆள் இல்லாத ஊருக்கு சிவப்பு டபுள் டெக்கர்! இதற்கென்றே வரும் பஸ் பிரியர்கள் ஏராளம். ஊரின் சோகத்தைவிட பஸ்ஸின் எஞ்சினைப் பற்றித்தான் அன்று அதிகம் பேச்சு.

டன்விச் ஊர் ஒரே ராத்திரியில கடலுக்குள்ள போச்சாமே?

முதலில் உச்சரிப்பு: டனிச். இல்லை, ஒரே ராத்திரியில் போகவில்லை. சஃபோக் கடற்கரையில் இடைக்காலத்தில் பெரிய துறைமுகம் அது. 1286-ல் ஒரு புயல், 1328-ல் இன்னொன்று துறைமுகத்தின் வாயையே மணலால் அடைத்துவிட்டது. வியாபாரம் போனதும் கரையைக் காக்கப் பணமும் போனது. அதற்குப் பிறகு நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிப் பழைய சர்ச்சான ஆல் செயின்ட்ஸ், பாறை விளிம்பிலிருந்து சரிய ஆரம்பித்தது 1904-ல்தான்.

இதில் எனக்குப் பிடித்த கோமாளித்தனம்: ஊரில் பெரும்பகுதி கடலில் இருந்தபோதும் டனிச் இரண்டு எம்.பி.க்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம்தான் அதை நிறுத்தியது.

கடல் எடுத்தா அது இயற்கை, யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?

டெவனில் ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவர் ஊரில் போய் அதைச் சொல்ல முடியாது. பிளிமத் பக்கம் கடற்படைத் துறையை விரிவாக்க ஜல்லி வேண்டும் என்று, 1897 முதல் ஹால்சாண்ட்ஸ் கரைக்கு எதிரே கடலடியிலிருந்து கூழாங்கல்லை அள்ளினார்கள். மொத்தம் சுமார் 6,50,000 டன். அள்ளிய இடத்துக்குக் கடல் புதிதாகக் கொண்டுவந்து போடும் என்றார்கள். போடவில்லை, ஊருக்கு முன்னாலிருந்த கடற்கரைதான் சரிந்து இறங்கியது. மீனவர்கள் சத்தம் போட்டு 1902-ல் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அது காலம் கடந்த வெற்றி. 1917 ஜனவரி 26 புயலில் ஊர் போனது. ஒருவர்கூடச் சாகவில்லை. குடியிருக்கும்படி மிஞ்சியது ஒரே வீடு. அதில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி 1964-ல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

யாரும் விரட்டாம தாங்களாவே கிளம்பிப் போன ஊர் இருக்கா?

செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் கிடக்கும் தீவு. 1930-ல் அங்கே மிஞ்சியவர்கள் 36 பேர். வேலை செய்யத் திடமான ஆண்கள் குறைந்துபோய், இனி ஒரு குளிர்காலத்தைத் தாங்க முடியாது என்று அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள். ஆகஸ்ட் 29 அன்று கப்பல் வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு அரசு கொடுத்த வேலை, காட்டிலாகாவில்.

தாங்களாகவே போனார்கள் என்பது சரிதான். ஆனால் வேறு வழி எதுவும் மிச்சமில்லாதபோது எழுதும் மனுவை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

பழைய ஊருங்க காலியானதுக்கெல்லாம் பிளேக்தான் காரணம்னு படிச்சேனே?

1348-ல் வந்த கொள்ளைநோய் பல ஊர்களைப் பலவீனமாக்கியது. முழுதாக முடித்தது பெரும்பாலும் ஆடு. கம்பளி விலை ஏறியதும் நிலக்காரர்கள் உழவைவிட மேய்ச்சலே லாபம் என்று குடிகளை வெளியேற்றினார்கள். யார்க்ஷரில் 'வாரம் பெர்சி' (Wharram Percy) என்ற ஊர் அப்படித்தான் 1500 வாக்கில் காலியானது. நாற்பது கோடைகள் தோண்டி ஆராய்ந்த ஊர் அது. இங்கிலாந்தில் இப்படி மூவாயிரம் அளவில் இடைக்கால ஊர்கள் காலியாகியிருக்கின்றன.

அதைவிட அற்பமான காரணமும் உண்டு. டார்செட்டில் 1780 வாக்கில் மில்டன் பிரபுவுக்குத் தன் மாளிகைக்கு முன்னால் ஊர் இருப்பது கண்ணை உறுத்தியது. இடித்துப் பூங்காவும் ஏரியும் ஆக்கினார். குடிகளுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரே அச்சில் வார்த்த கூரைவீடுகள். அந்தப் புது ஊரான மில்டன் ஆபாஸ் இன்று அழகான கிராமம் என்று நாள்காட்டிகளில் வருகிறது.

படத்துல பாத்தா சொர்க்கம் மாதிரி இருக்கே. நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா?

மழை ஒழுகும் கூரை, வெளியே கழிப்பறை, கிணற்றுத் தண்ணீர், பண்ணையார் சொல்வதே சட்டம். டைனம் பள்ளிக்கூடம் மூடியது 1932-ல், பிள்ளைகள் போதவில்லை என்று. ராணுவம் வர இன்னும் பதினொரு வருடம் இருந்தது. இந்த ஊர்களில் பல எப்படியும் இளைத்துக்கொண்டுதான் இருந்தன. சாதாரணமாக இளைத்த ஊர் விடுமுறை வீடுகளாக மாறிவிடும், யாரும் அழமாட்டார்கள். திடீரென்று நின்றுபோன ஊர் மட்டும் 1943-லேயே உறைந்து அழகாகிவிடுகிறது.

இதைச் சொன்னதும் "அப்போ எடுத்தது தப்பில்லைங்கிறியா?" என்று பெரியம்மா மடக்கினார். அப்படிச் சொல்லவில்லை. ஒழுகினாலும் அது அவர்கள் கூரை. ஒரு மாதத்துக்குள் காலி செய் என்பது வேறு, பிள்ளைகள் நகரத்துக்குப் போய் ஊர் மெல்ல அடங்குவது வேறு.

நான் இங்கதான் குடியிருக்கேன். எங்க தெருவோட பழைய கதையை எங்க தேடுறது?

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டன் முழுவதற்குமான பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசின் நில அளவை அமைப்பு) வரைபடங்கள் இலவசம். உங்கள் தெருவை இன்றைய படத்தின் மேல் வைத்து ஒப்பிடலாம். ஒரு இரவு போய்விடும், எச்சரிக்கிறேன். சர்ச் பதிவேடுகள் 1538-லிருந்து. ஆட்களின் பெயரோடு வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கு. ஆனால் அது நூறு வருடம் பூட்டியிருக்கும். 1921-ன் ஏடுகள் 2022-ல்தான் திறந்தன.

அடுத்தது 1931 என்று காத்திருக்காதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டன, குண்டுவீச்சில்கூட இல்லை. 1941-ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. 1951-க்குள் டெர்வென்ட், டைனம், இம்பர் மூன்றும் இல்லை. அதனால் இந்த மூன்று ஊர்களிலும் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கடைசியாக எழுதியது, போர் தொடங்கியதும் அடையாள அட்டைக்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடுதான். அதை இப்போது இணையத்தில் பார்க்கலாம். நடுநடுவே சில வரிகள் மட்டும் கறுப்பாக மூடியிருக்கும். பிறந்து நூறு வருடம் ஆகாதவர்கள், இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று.